அச்சுக்கு அல்ல

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கடல் காற்று ஒத்துக்கொள்ளாமல் மூக்கு மட்டும் குழாயாகிவிட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் ஒற்றைத் தலைவலி?

இதைக் கொண்டுவந்து தருபவர் ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரர். அந்தக் கப்பல் நம் துறைமுகத்துக்கும் இந்த ஊர்த் துறைமுகத்துக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது. இங்கே தபாலில் போட்டால் முதலில் அரசாங்கம் படிக்கிறது. மிச்சம் மீதி இருந்தால்தான் உரியவருக்குப் போகும். ஆகவே இனி நமக்குத் தபால்காரர் இவர்தான். நீ எழுதுவதையும் இவரிடமே கொடு. வீட்டில் ஒரு வாய் சாப்பிடச் சொல். சமையல் எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதே. சொல்லிவிடுவார்.

ஊர் அமைதியாக இருக்கிறது. அந்த அமைதிதான் உதைக்கிறது. கடைகள் திறந்திருக்கின்றன, டிராம் ஓடுகிறது, தெருமுனையில் சிப்பாய்கள் நின்றபடி ரொட்டி தின்கிறார்கள். ஆனால் வீதியில் யாரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பெரிய நாடக அரங்கைப் பூட்டி, 'பழுதுபார்ப்பு நடைபெறுகிறது' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மொழிபெயர்க்க ஒருவர் கிடைத்திருக்கிறார். அதே அரங்கில் திரைமறைவில் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவர். என் வயதுதான் இருக்கும். அவருடைய அம்மா நம் மொழி பேசுகிற வீட்டில் பிறந்தவராம். அதனால் 'தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா' என்று பழைய புத்தகம்போல் பேசுகிறார். தொழில் பழக்கத்தில் குரலே எழும்புவதில்லை. மற்றவர்கள் சொல்வதை என் காதோரம் குனிந்துதான் சொல்கிறார். பார்க்கிறவர்கள் ஏதோ காதல் ரகசியம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் அவருக்குக் 'கிசுகிசு' என்று பெயர் வைத்தேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை.

நம் இதழுக்கு என்ன எழுதட்டும் என்று ஆசிரியராக நீயே சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று அம்மா இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். அவள் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. என் தலைவலியும் என்னை விட்டுப் பிரிவதாக இல்லை. உன் மூக்கு நின்றதா? கம்பளி எடுத்துப் போகச் சொன்னபோது கேட்டாயா?

உன் சமையல்காரர் சாப்பிட்டார். யாரும் கேட்காமலேயே, "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்" என்றார். அன்றிலிருந்து அம்மா அவரை 'வாய்க்கொழுப்பு' என்றுதான் சொல்கிறாள். ஆனால் கப்பல் எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள்.

ஆபீஸ் நிலைமை நன்றாக இல்லை. பெரிய முதலாளி இருந்தவரை இந்த இதழ் நஷ்டத்தில் ஓடினாலும் தலை நிமிர்ந்து ஓடியது. இப்போது அவர் நாற்காலியில் மகன் உட்கார்ந்திருக்கிறார். "உலகம் எக்கேடோ கெடட்டும், நம்ம வாசகருக்கு அதுல என்னம்மா இருக்கு? சினிமா போடுங்க, கிசுகிசு போடுங்க" என்கிறார். கிசுகிசுவை என் தம்பி ஏற்கெனவே பிடித்துவிட்டான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வருஷ நடுவுக்குள் விற்பனை ஏறாவிட்டால் உலக நடப்பு, கலை, இலக்கியம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவாராம். பிழைதிருத்தும் நம் ஒற்றருக்கு (க், ச், த், ப் நான்கையும் வேவு பார்த்தே வயதாகிவிட்ட மனிதர்) இதைக் கேட்டதிலிருந்து கை நடுங்குகிறது. இந்த வயதில் அவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அதனால் உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். ஆட்சியைப் பிடித்த தளபதியைப் பற்றி எழுதாதே. அவர் என்ன சொன்னார், யாரைச் சந்தித்தார் என்பதெல்லாம் நாளிதழில் வந்து மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடுகிறது. அரங்கைப் பூட்டிவிட்டார்கள், சரி. அந்த ஆட்கள் மாலை வேளைகளில் என்ன செய்கிறார்கள்? அதை எழுது. அதைப் படித்தால் அந்த நாடு புரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கு நின்றுவிட்டது. அம்மாவிடம் சொல். உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். அரங்கின் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு வீட்டுச் சமையலறையில் நாடகம் போடுகிறார்கள். தடை செய்த நாடகங்கள்தான். வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். பார்வையாளர்கள் மேஜைக்கு அடியிலும் மாவுப் பீப்பாய்மேலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜா வேஷம் கட்டும் பெரியவருக்குச் சல்லடைதான் கிரீடம். பார்த்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பேச ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன், அக்கா. முடிந்ததும் யாரும் கைதட்டுவதில்லை. எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுகிறார்கள். சரணடைகிறவர்கள் தூக்குவதுபோல.

"கைதட்டல் இல்லாமல் நடிப்பது எப்படி இருக்கிறது?" என்று ராஜாவிடம் கேட்கச் சொன்னேன். அவர் சொன்னதைக் கிசுகிசு என் காதில் போட்டார். "உப்பில்லாப் பண்டம்தானாம். ஆனால் பசிக்கிறவன் உப்புப் பார்ப்பதில்லையாம்."

கட்டுரையில் பெயர் இல்லை, தெரு இல்லை. சமையலறையை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டேன். தயவுசெய்து ஒற்றர் ஒற்றை மட்டும் திருத்தட்டும்.

ஒரு புகைப்படமும் இருக்கிறது. அவளுடையது, கிசுகிசுவுடையது. நாடகம் முடிந்து ஜன்னலோரம் நின்று எதற்கோ சிரித்தாள், எடுத்துவிட்டேன். பின்னால் சுவரில் சல்லடை மாட்டியிருக்கிறது, அடுப்பு தெரிகிறது, ஜன்னல் வழியே தேவாலயத்தின் மணிக்கூண்டுகூடத் தெரிகிறது. "எழுத்து போகட்டும். முகம் வேண்டாம்" என்று அவள் முதல் நாளே சொன்னாள். அம்மாவுக்கும் உனக்கும் காட்டத்தான் அனுப்புகிறேன். படத்தின் பின்புறம் 'அச்சுக்கு அல்ல' என்று எழுதியிருக்கிறேன்.

தலைவலிக்கு மாத்திரையை விட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்கிப் பார்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூவரும் நலம். மூவர் என்றது உன் புகைப்படத்தையும் சேர்த்துத்தான். அம்மா அதைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். "சிரிச்சா கன்னத்துல குழி விழுது பாரு. ஆனா ஒடம்புல சதையே இல்ல. சாப்பிடறாளான்னு கேளு" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

இன்னொன்று. உன் முதல் கடிதத்தில் 'அவர்' என்று வந்தவர் இந்தக் கடிதத்தில் பாதியிலேயே 'அவள்' ஆகிவிட்டார். ஒற்றர் கையில் கொடுத்திருந்தால் ஒருமை பன்மை மயக்கம் என்று சிவப்பு மையால் சுழித்திருப்பார். நான் சுழிக்கவில்லை.

கட்டுரையைப் பற்றி என்ன சொல்வது? படித்து முடித்ததும் வேறு வேலை ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த மேஜைக்கு எவ்வளவோ வந்திருக்கிறது. எந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. அங்கே இருப்பது எப்படி இருக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒற்றர் இரண்டே இடத்தில் கைவைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதலாளியும் படித்தார். ஒரு கட்டுரையை அவர் கடைசிப் பக்கம் வரை படித்து நான் பார்த்தது இதுவே முதல் தடவை. மே இதழில் முதல் கட்டுரை. அட்டைக்கு ஏதாவது வேண்டும் என்கிறார். பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் எச்சரிக்கையாக இரு.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உண்மையாகவே நலமாக இருக்கிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது.

'தாங்கள்' போய் 'நீங்கள்' வந்தது. போன வாரம் டிராமுக்கு ஓடும்போது 'நீ வா' என்று இழுத்தாள். வண்டியில் ஏறிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து, இறங்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. வருஷக் கடைசியில் ஊருக்கு வரும்போது தனியாக வரமாட்டேன். அவள் அப்பா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எழுதறது ஒரு வேலையா?" என்று மகளைக் கேட்டார். அவளும் ஒரு வார்த்தை விடாமல் என் காதில் சொன்னாள். அம்மாவிடம் இப்போது சொல்லாதே. இன்றைக்கே பெட்டி கட்டிக் கப்பலுக்குக் கிளம்பிவிடுவாள்.

இதழ் வந்ததும் ஒரு பிரதி கொடுத்தனுப்பு. தன் ஊரைப் பற்றி நம் எழுத்தில் படிக்க வேண்டும் என்று இவளுக்கு ஆசை.

நீ நன்றாக இருக்கிறாயா? கடிதத்தில் தலைவலியைப் பற்றி எழுதவில்லையே.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம். பயப்படும்படி இல்லை, மெதுவாகத்தான் மறைக்கும் என்கிறார் டாக்டர். பெரிய எழுத்து இன்னும் தெரிகிறது. கடிதங்களை நான் படித்துக் காட்டுகிறேன். நீ சொல்ல வேண்டாம் என்றதை விட்டுவிட்டுத்தான் படித்தேன்.

இதழ் விற்றுத் தீர்ந்துவிட்டது. மறுபடி அச்சடித்து, அதுவும் போய்விட்டது. வாசகர் கடிதங்கள் என் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: படித்து முடித்து, தன் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு பஸ் கண்டக்டர், தூர தேசத்துச் செய்தியைத் தன் வீட்டுச் செய்திபோலப் படித்தேன் என்கிறார். இதற்காகத்தானே நாம் இந்தப் பிழைப்பில் இருக்கிறோம். முதலாளி எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். சினிமாப் பேச்சை எடுக்கவில்லை. ஒற்றருக்குக் கை நடுக்கம் குறைந்திருக்கிறது.

பிரதி அனுப்ப முடியவில்லை. ஒன்றுகூட மிச்சமில்லை. கிடைக்கும்போது பார்க்கிறேன்.

தம்பி, வருஷக் கடைசி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? கப்பலில் இரண்டு பேருக்கு இடம் கிடைக்காதா? இப்போதே கிளம்பி வந்துவிடுங்களேன். அம்மாவின் கண்ணுக்கு உன் முகம் தெளிவாகத் தெரியும்போதே வந்தால் நல்லது.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாடகம் நடக்கும் அவள் வீட்டுக்குக் காலையில் வந்தார்கள். நான் அங்கே இல்லை. அவள் அப்பா, மனைவியிடம் கற்ற அரைகுறை நம் மொழியில் சொன்னதைத்தான் எழுதுகிறேன். வீட்டைச் சோதனை போடவில்லை, யார் எவர் என்று கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனார்கள். ஒருவன் ஜன்னலருகே நின்று வெளியே மணிக்கூண்டைப் பார்த்தான். சுவரில் இருந்த சல்லடையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "இங்கேதான் நில்லு" என்று ஜன்னலோரமாக நிற்க வைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போனார்களாம். எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, "உங்க பொண்ணுக்குத் தெரியும்" என்றிருக்கிறார்கள்.

இப்போது தினமும் அவரும் நானும் சிறை வாசலில் நிற்கிறோம். ரொட்டியும் துணியும் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஜன்னலுக்குள் வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

யார் காட்டிக்கொடுத்தது என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. அந்த அறையை உள்ளே வந்து பார்த்தவன்தான் சொல்லியிருக்க முடியும். அவளைப் பிடிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராஜா வரவில்லை. காய்ச்சல் என்றார். மற்ற எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தவர்கள் அவரை மட்டும் விசாரிக்கவில்லை. அப்புறம் என்ன வேண்டும்? யாரும் அவருக்குக் கதவு திறப்பதில்லை. நேற்று என் அறைக்கு வந்தார். என்னவோ சொன்னார். எனக்கு மொழி தெரியாது, சொல்லித்தர அவளும் இல்லை. அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன்.

நம் ஊரில் இருக்கும் இந்த நாட்டுத் தூதரகத்தில் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? மெதுவாகக் கேட்டுப் பார். இதழில் ஒரு வரி வரக்கூடாது. சத்தம் போட்டால் அவளுக்குத்தான் ஆபத்து என்கிறார் அவள் அப்பா.

அம்மாவிடம் சொல்லாதே. அவள் கண் எப்படி?

தம்பி


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. வலது கண் பரவாயில்லை, இடது கண்ணில் பாதி மறைத்துவிட்டது. அறுவை செய்யலாம், ஆனால் சர்க்கரை குறையட்டும் என்கிறார்கள். இங்கே புழுக்கம் தாங்கவில்லை. மாடி வீட்டுக்காரரின் இருமல் ராத்திரி பகல் ஓயவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை.

தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். கைதிகளுக்காக எழுதுகிற சங்கம் ஒன்று இருக்கிறதாம், அங்கேயும் போய்வந்தேன். தூதரகத்துக்குப் போகவில்லை. அங்கே போவது நல்லதல்ல என்று தோன்றுகிறது.

அந்தப் பெரியவர்தான் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? காய்ச்சல் என்றால் காய்ச்சலாகவே இருக்கக் கூடாதா? வயதான மனிதர். அவர் பாவத்தைக் கொட்டிக்கொள்ள வேண்டாம். கதவைத் திறந்துவிடு, தம்பி. நான் சொல்வதைக் கேள்.

வந்துவிடு என்று மறுபடியும் சொல்ல மாட்டேன். வரமாட்டாய் என்று தெரியும். சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்கா,

இந்தத் தடவை சமையல்காரர் எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். துறைமுகத்துச் சலூனில் கிடந்ததாம். "உங்க எழுத்து வந்த புஸ்தகம் சார். நீங்க கேட்டு அக்கா குடுக்கலன்னீங்களே, நான் தேடிப் புடிச்சுட்டேன்" என்று சந்தோஷமாக நீட்டினார். ஓரமெல்லாம் மடங்கி, யாரோ தேநீர்க் கோப்பையை வைத்த வட்டம் அவள் நெற்றியில் விழுந்திருந்தது.

அட்டை முழுக்க அவள். சல்லடை, அடுப்பு, மணிக்கூண்டு. எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. நல்ல அச்சு.

அன்றே ராஜாவைத் தேடிப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு நம் மொழி தெரியாது, கையால் காட்டிப் புரியவைத்தாள். கிசுகிசுவின் அப்பாவைக் கூட்டிப்போய் மறுபடி கேட்ட பிறகுதான் முழுதும் தெரிந்தது. யாரும் கதவு திறக்காமல் போனதும் பெரியவர் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தானாகவே சிறை வாசலுக்குப் போயிருக்கிறார். நாடகத்துக்கெல்லாம் நான்தான் பொறுப்பு, அந்தப் பெண்ணை விடுங்கள் என்றிருக்கிறார். அவரையும் உள்ளே போட்டார்கள். அவளை விடவில்லை.

உன் ஜூலைக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். காட்டிக்கொடுத்தது அவர் இல்லை என்று அப்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது.

படம் எப்படி அட்டைக்குப் போனது? அதை மட்டும் எழுது.


செப்டம்பர் 15

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கேட்டதை எழுதுகிறேன்.

அம்மாவின் தலைமாட்டிலிருந்து படத்தை ஆபீசுக்கு எடுத்துப் போனது நான். ஒற்றருக்குக் காட்டத்தான். என் தம்பிக்கு இப்படி ஒரு பெண் என்று பெருமை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்தார். கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"இதுதாம்மா அட்டை" என்றார்.

"இது வீட்டுக்கு அனுப்பினது சார். போடக்கூடாது."

அவர் படத்தைத் திருப்பினார். நீ எழுதியிருந்ததைப் படித்தார். "அச்சுக்கு அல்லன்னா, நல்ல படம்னு அர்த்தம்" என்று சிரித்தார்.

"அந்தப் பொண்ணுக்கு ஆபத்து சார்."

"அந்த நாட்டுக்கு நம்ம பத்திரிகை ஒரு காப்பி போகுதா? சொல்லுங்க."

"போகல."

"அப்புறம் என்ன? இந்த இதழ் விக்கலைன்னா அடுத்த மாசம் ஆபீஸ் இருக்காது. நீங்க ஆசிரியர். முடிவு உங்களோடது. நான் கட்டாயப்படுத்தல."

இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். இரண்டு நாளும் ஒற்றரின் நடுங்கும் கையைப் பார்த்தேன், உன் கட்டுரையை எத்தனை பேர் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் நினைத்தது இவ்வளவுதான் என்று எழுதினால் அது பொய். அந்த அட்டை எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை.

இதழ் வந்த வாரத்தில் அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு கட்டு வாங்கிப்போனார். விற்பனைப் பையன் சொல்லிச் சிரித்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அதனால்தான் இருவரும் வந்துவிடுங்கள் என்று எழுதினேன். காரணத்தை எழுதியிருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். எழுதவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. பொட்டலம் வாங்கிக்கொள்கிறார்களா என்று மட்டும் தெரியப்படுத்து.

அக்கா


நவம்பர் 20

என் அன்பு அம்மாவுக்கு,

நான் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறேன். உன் கண் எப்படி இருக்கிறது? முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? ஒற்றரைக் கேட்டதாகச் சொல். அவர் கை நடுக்கம் எப்படி இருக்கிறது? மாடி வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? சமையல்காரர் உன் கை உப்பைப் பற்றி இன்னும் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் கப்பல் உங்கள் பக்கம் திரும்பினால் அவருக்கு முகம் மலர்கிறது.

அம்மா, நான் ஒரு படம் அனுப்பினேனே, கன்னத்தில் குழி விழுகிற பெண். அவளைத்தான் உன்னிடம் கூட்டிவர இருந்தேன். அவள் இப்போது இல்லை. சிறையில் வைத்திருந்தார்கள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தது. ஒரு நாள் பொட்டலத்தை வாங்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் அவள் அப்பாவைக் கூப்பிட்டு அவளுடைய கோட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உடலைக் கொடுக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டோம். சொல்லவில்லை.

நான் இங்கேயே இருந்துவிடுகிறேன், அம்மா. அவள் அப்பா தனியாக இருக்கிறார். அவருக்கு என் மொழி அரைகுறை, எனக்கு அவர் மொழி நாலு வார்த்தைதான். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். டிராம் பணிமனையில் வண்டி கழுவும் வேலை வாங்கிக்கொடுத்திருக்கிறார். எழுதுவதை விட்டுவிட்டேன். ராஜா வேஷம் கட்டும் பெரியவர் ஒருவர் இன்னும் உள்ளே இருக்கிறார். அவருக்கு யாருமில்லை. நாங்கள் இருவரும் வாரம்தோறும் போய் வரிசையில் நின்று அவர் பெயரில் பொட்டலம் கொடுக்கிறோம். வாங்கிக்கொள்கிறார்கள்.

நீ அழாதே. வேளைக்கு மருந்து போட்டுக்கொள்.

உன் மகன்


டிசம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். கண் இப்போது வெளிச்சத்தையும் நிழலையும்தான் காட்டுகிறது. மாடி வீட்டுக்காரருக்கு இருமல் நின்றுவிட்டது. ஒற்றருக்குக் கை அப்படியேதான் நடுங்குகிறது, ஆனால் வேலை இருக்கிறது.

எனக்கு இல்லை. இங்கே உள்ள சங்கத்தின் மூலம் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. "அட்டையில சிரிச்ச பொண்ணு என்ன ஆனா, வாசகர் கேக்கறாங்க. அதே படத்தைக் கறுப்புக் கட்டம் கட்டிப் போடலாம்" என்றார். முடியாது என்றேன். "ஏழு மாசத்துக்கு முன்னாடி முடிஞ்சுதே" என்றார். நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் அந்தப் படத்தையும் போடவில்லை. இந்த மாதம் அட்டையில் ஒரு நடிகை இருக்கிறாள். உலக நடப்புப் பக்கங்கள் இனி இல்லை. ஒற்றர் வந்து சொன்னார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு வாசகரிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லையாம்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்தேன். நான்தான் படிப்பேன் என்று உனக்கும் தெரியும். நடுவில் நிறுத்தவில்லை, எதையும் விடவில்லை. அம்மா அழவில்லை. தலைமாட்டிலிருந்த படத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். "காய்ச்சல்னா ஒரு டாக்டருக்குக் காட்ட மாட்டாங்களா?" என்று கேட்டாள். அந்த அப்பா சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். அந்தப் பெண்ணை எதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

படத்தை மறுபடி தலைமாட்டில் வைத்துவிட்டு, "ஊரையே விசாரிச்சிருக்கான். உன்னைக் கேக்கலையா?" என்றாள்.

"கேட்டிருக்கான்மா."

"எங்க, படி."

காகிதத்தைப் பிரித்தேன். 'அக்காவின் தலைவலி எப்படி இருக்கிறது? ராத்திரியில் தூங்குகிறாளா?' என்று படித்தேன். உன் நடையிலேயே வந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

"அதானே" என்றாள் அம்மா. "இன்னொரு தடவை படி."

படித்தேன். வார்த்தை மாறிவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது. இப்போது தினமும் விளக்கு ஏற்றியதும் அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்கிறாள். தினமும் அந்த வரி இருக்க வேண்டியிருக்கிறது. நீ எழுதாத வரியை உன் பெயரில் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

பதில் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பேனா ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறாள். "அவன் உன் ஒடம்பைக் கேட்டிருக்கானே, அதுக்குப் பதில் எழுதினியா?" என்கிறாள்.

நான் நலம்.

அக்கா